நீ ‘இல்லை’ என்று குறித்த கட்டம்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தைத் தாளில், மைப்பேனாவால் எழுதித் தபாலில் அனுப்புவது என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திங்கட்கிழமை காலை முடிவு செய்யப்பட்டது. முடிவெடுக்க ஒன்றேகால் மணி நேரமும் ஆளுக்கு இரண்டு டம்ளர் காபியும் ஆயின. கலந்துகொண்டவர்கள் நானும் உன் அம்மாவும். “கையில போன வச்சுக்கிட்டு எதுக்குங்க தபாலு?” என்று உன் அம்மா எதிர்ப்புத் தெரிவித்தாள். சில விஷயங்கள் தாளில்தான் இருக்க வேண்டும் என்று நான் பதில் சொன்னேன். எழுதி முடித்ததும் அதைப் போனில் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவள் கொண்டுவந்த திருத்தத்துடன் தீர்மானம் நிறைவேறியது. கோடு போட்ட தாளா, போடாத தாளா என்பதில் மேலும் கால் மணி நேரம் போயிற்று. கோடு போட்ட தாள் வென்றது.

முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். கடிதம் எழுதுவது பாடத்திட்டத்திலேயே இருந்தது. கடுமையான காய்ச்சல் காரணமாக இரண்டு நாள் பள்ளிக்கு வர இயலவில்லை என்று தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தை, காய்ச்சலே இல்லாத ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அழகாக எழுதியவனுக்குப் பத்துக்கு எட்டு. உண்மையிலேயே காய்ச்சலில் கிடந்தவன் அன்று தேர்வுக்கு வரவில்லை, அதனால் அவனுக்குச் சுழி. உண்மையைத் தாளில் எழுதுவதில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதைச் சொல்லத்தான் இதைச் சொல்கிறேன். இந்தக் கடிதம் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள். விஷயத்துக்கு வந்துவிடுவேன். வந்தாக வேண்டும். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை உனக்கு லண்டனில் அமெரிக்க விசாவுக்கான நேர்முகம்.

போன சனிக்கிழமை நீ வீடியோவில் வந்தாய். உன் தோளுக்குப் பின்னால் டாம் எட்டிப் பார்த்து, நீ சொல்லிக்கொடுத்தபடி “வணக்கம் அங்கிள்” என்றான். உங்கள் குழுவில் பாடுகிறவன், முதல் கிட்டார் அவனுடையது. இருபத்துமூன்று வயது. உன் முகத்தில் நான் பல வருடங்களாகப் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது. “ஆறு வாரம்ப்பா! மெம்பிஸ்ல ஆரம்பிச்சு அப்படியே ஆத்தோட கீழ வரைக்கும். தினம் பெரிய பேண்டுக்கு முன்னாடி நாப்பது நிமிஷம் நாங்கதான்” என்றாய். இங்கிலாந்தில்தான் உங்களுக்கு நல்ல பெயர் இருக்கிறதே என்று கேட்டேன். “இங்க எங்களக் கேக்க வர்றவங்க எல்லாம் உங்க வயசுப்பா. பீரக் கையில வச்சுக்கிட்டு நல்லாத்தான் தட்டுறாங்க. அப்புறம் கிட்ட வந்து, ‘நல்லா வாசிச்சீங்க தம்பிங்களா, ஆனா அந்தக் காலத்துல கேட்டிருக்கணும்’னு சொல்லிட்டுப் போறாங்க. அமெரிக்காவுல ஒத்துக்கிட்டாத்தான் இங்கயும் எங்கள ஒத்துக்குவாங்க” என்றாய்.

பெண் கொடுக்கப்போகிற குடும்பத்தைப் பற்றி விசாரிப்பதுபோல, நீ போய்ச் சேர்ந்த இந்தத் தொழிலைப் பற்றியும் நான் விசாரித்துப் படித்திருக்கிறேன். அறுபது ஆண்டுகளுக்கு முன், ஓயாமல் மழை தூறும் ஊர்களில் சில ஆங்கிலேய இளைஞர்கள், அமெரிக்காவின் தெற்கே பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பின மக்களின் துக்கத்தை, ‘ப்ளூஸ்’ என்ற அவர்கள் பாட்டை, இசைத்தட்டில் கேட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார்கள். பழகி முடித்ததும் அதைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே கொண்டுபோனார்கள். தன் வீட்டுப் பரணில் கிடந்த பொருளை அமெரிக்கா புதிய சரக்கென்று நினைத்து ஆர்வமாக வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து இங்கிலாந்தில் பிறந்து ப்ளூஸ் வாசிக்கும் ஒவ்வொரு பையனுக்கும் அந்தக் கடலைத் தாண்டும்வரை தன் துக்கத்தின்மேல் நம்பிக்கை வருவதில்லை. டாமும் அப்படித்தான். வெள்ளத்தில் வீடு போனதைப் பற்றி அவன் உருகிப் பாடுகிறான். அவன் வீட்டில் வெள்ளம் வந்தது ஒரே ஒரு முறைதான், அதுவும் குளியலறைக் குழாயை மூட மறந்ததால் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். நாம் பீர்க்கன்கரணையில் வாடகைக்கு இருந்தபோது ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, இடுப்பளவு தண்ணீரில் கிட்டாரைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தவன் நீ. நீ அவனுக்கு இடது பக்கம் தள்ளி நின்று வாசிக்கிறாய். இதில் எனக்கு வருத்தமில்லை. கலையில் இடங்கள் அப்படித்தான் ஒதுக்கப்படுகின்றன.

பிறகு நீ விசா படிவத்தைப் பற்றிச் சொன்னாய். அனுப்பியாகிவிட்டது என்றாய். “செம காமெடிப்பா அந்தக் கேள்வியெல்லாம். நீங்கள் தீவிரவாதியா? இல்லை. ஆள் கடத்தியதுண்டா? இல்லை. வரிசையா இல்லை, இல்லை, இல்லைன்னு தட்டிக்கிட்டே போனேன். ஒண்ணே ஒண்ணுதான். இதுக்கு முன்னாடி உங்களுக்கு எப்பவாவது அமெரிக்க விசா மறுக்கப்பட்டதான்னு கேட்டிருந்தான். சின்ன வயசுல நாம ஒண்ணு போறதா இருந்து கேன்சலாச்சே, அது அவங்க ப்ரோக்ராம் கேன்சலானதுதானப்பா? மறுப்பு இல்லல்ல?”

நான், “இல்ல” என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை தாள். நடந்ததை இப்போது வரிசையாக எழுதுகிறேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அமெரிக்காவின் தெற்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்த ஒரு கிறிஸ்தவ சபை, சிறுவர் இசை வாரத்துக்கு நம் சபையிலிருந்து ஒரு பிள்ளையையும் உடன் ஒரு பெரியவரையும் அழைத்திருந்தது. ஆங்கிலம் தெரிந்தவன் என்பதால் கடிதப் போக்குவரத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். கிட்டார் தெரிந்த ஒரே பிள்ளை நீ. அவர்கள் தங்கள் ஆராதனையைப் பதிவு செய்த ஒரு குறுந்தகட்டையும் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர் கிட்டார் தந்தியை விரலால் மேலே தள்ளி, சுரத்தை மனிதக் குரல்போல விம்மவைப்பார். நீ அதைத் தேயத்தேயக் கேட்டாய். ஈஸ்டர் ஆராதனையில், எல்லோரும் பாடி முடிக்கும்போது கடைசிச் சுரத்தை நீயும் அப்படித் தள்ளிப் பார்த்தாய். பாடகர் குழுத் தலைவர் உன் காதருகே குனிந்து, “டேய் தம்பி, பெரிய வெள்ளிக்கு அழுதா சரி. இன்னிக்கு ஏண்டா அழுவுற? அதான் ஆண்டவர் எழுந்துட்டாரே!” என்றார். முன்வரிசை முழுக்கச் சிரித்தது. நீ நிறுத்தவில்லை.

விசா விண்ணப்பத்தை நான் பூர்த்தி செய்தேன். ஆலயத்தில் என் பணி, பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவது. படிவத்தில் ‘இசைக்குழுத் துணை இயக்குநர்’ என்று எழுதினேன். நேர்முகம் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய மாதம் முழுக்க நம் போதகர், கேட்டதைப் பெற்றுவிட்டோம் என்று விசுவாசித்து முன்கூட்டியே நன்றி செலுத்துங்கள் என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். உன் அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். தடுத்திருக்க வேண்டிய நான், நன்றிக் காணிக்கை போடும் கவரை எடுத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைச் செயலாளர் வாசித்தபோது, பிறந்தநாளுக்கும் அறுவை சிகிச்சை சுகத்துக்கும் நடுவில், “மகனுக்கும் தகப்பனுக்கும் அமெரிக்க விசா கிடைக்கச் செய்த கிருபைக்காக, குடும்பத்தார்” என்று சபை முழுக்கக் கேட்டது. வெளியே வந்ததும் மாதர் சங்கத்து அக்கா ஒருத்தி உனக்கு ஸ்வெட்டர் அளவெடுத்தாள். சித்திரை வெயிலில் நீ கையைத் தூக்கிக்கொண்டு நின்றாய்.

மறுநாள் அமெரிக்கத் தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி என்னிடம் மூன்று நிமிடம் பேசினார். நீ சிறுவன் என்பதால் வரத் தேவையில்லை என்றார்கள். நீ பள்ளியில் இருந்தாய். என் பதில்களில் அவருக்குத் திருப்தியில்லை. நம் இருவரின் விண்ணப்பத்தையும் மறுத்து, ஒரு தாளைக் கொடுத்து, “மன்னிக்கணும் சார்” என்று தமிழில் சொன்னார். அவ்வளவுதான். மறுக்கப்படுவது குற்றமில்லை. அந்த வரிசையிலேயே என் முன்னும் பின்னும் பாதிப் பேர் அந்தத் தாளோடுதான் வெளியே வந்தார்கள். ஆனால் அவர்கள் யாரும் முந்தைய நாள் நன்றி செலுத்தியிருக்கவில்லை. நுங்கம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினேன். பல்லாவரம் வரை என் தலையில் ஒன்றும் இல்லை. குரோம்பேட்டையில் ‘ப்ரோக்ராம் கேன்சல்’ என்ற இரண்டு சொற்கள் கிடைத்தன. தாம்பரத்தில் இறங்கும்போது கதை முழுதாகத் தயாராக இருந்தது. விசா கிடைத்துவிட்டது, பாவம், அவர்களால்தான் நிகழ்ச்சியை நடத்த முடியவில்லை.

உன் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் சிறிது நேரம் அரிசியில் கல் பொறுக்கிவிட்டு, “சரி, புள்ளகிட்டயும் அப்படியே சொல்லிடுங்க. அவன் வெளில உளறிடுவான்” என்றாள். அமெரிக்கச் சபைக்கு நான் வேறொரு கடிதம் எழுதினேன். எனக்குத் தெரிந்த கடிதம்தான்: கடுமையான காய்ச்சல் காரணமாகப் பையனால் வர இயலவில்லை. அடுத்த மூன்று ஞாயிறுகள், நம் சபை அந்தச் சபைக்கு நேர்ந்த நெருக்கடி தீர ஜெபித்தது. அந்தச் சபை உன் காய்ச்சல் தீர ஜெபித்ததாகப் பதில் வந்தது. இல்லாத இரண்டு துன்பங்களுக்காகக் கடலின் இரண்டு கரையிலும் மனமுருகி முழங்காலிட்டார்கள். இரண்டு ஜெபங்களும் கேட்கப்பட்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

நீ மட்டும் தேறவில்லை. அறைக்குள் போய் அந்தக் குறுந்தகட்டோடு உட்கார்ந்துவிட்டாய். உன்னைத் தேற்றுவதற்காக ஒரு சனிக்கிழமை தாம்பரத்தில் பஸ் பிடித்து, கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்கு அழைத்துப்போனேன். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாய். கரையேறியிருந்த ஒரு படகின்மேல் சாய்ந்து, அந்தச் சுரத்தைத் தள்ளித்தள்ளி வாசித்தாய். பக்கத்தில் சங்கரா மீனைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டார். “இன்னா சார், புள்ள இப்டி இஸ்து இஸ்து வாசிக்கிறான்? இன்னா துக்கம் அவனுக்கு?” அமெரிக்கா போகிற ப்ரோக்ராம் கேன்சல் ஆகிவிட்டது என்றேன். “அவ்ளோதானா? என் வூட்டுக்காரு மஸ்கட்டு போறேன்னு மூணு தபா பொட்டி கட்னாரு. மூணு தபாவும் விசா இல்ல போடான்ட்டான். ஊருக்கே தெரியும். இன்னா, நாங்க கிட்டாரா வாங்கினோம்? வலைய எட்துகினு தண்ணிக்குப் போய்க்கினே கீறாரு” என்றார். பக்கத்துக் கூறுக்காரி, “அவுருக்கு மஸ்கட்டு இல்லாட்டி இன்னா, டாஸ்மாக்கு கீது” என்றாள். இருவரும் சிரித்தார்கள். ஊருக்கே தெரியும் என்பதை ஒருவர் இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தெரிந்தும், திரும்பி வரும் பஸ்ஸில் உனக்குக் கடலை வாங்கிக் கொடுத்தேனே தவிர, வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தப் பஸ்ஸில்தான் நீ ஒரு மடித்த தாளை என்னிடம் கொடுத்தாய். அமெரிக்கப் போதகருக்கு நீ எழுதிய கடிதம். உங்கள் நிகழ்ச்சி நின்றுபோனதற்கு வருந்துகிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள், நான் பழகிக்கொண்டே இருப்பேன் என்று குறுந்தகட்டில் கிட்டார் வாசிக்கும் அண்ணனிடம் சொல்லுங்கள், மறுபடி நடத்தினால் கட்டாயம் வருவேன் என்று எழுதியிருந்தாய். தபாலில் சேர்க்கச் சொன்னாய். வீட்டுக்கு வந்து அதில் இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினேன். பிறகு அலமாரியில் உன் பழைய பாஸ்போர்ட்டுக்கு அடியில் வைத்தேன். பதில் வந்ததா என்று நீ அந்த வருடம் நாலைந்து முறை கேட்டாய். அமெரிக்காவில் தபால் தாமதமாகும் என்றேன். அந்தக் கடிதத்தையும், அன்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கொடுத்த தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். உன் பெயரில் ஒரு மறுப்பு இருக்கிறது. அவர்களுடைய கணினி உன்னைப்போல் அப்பாவை நம்பி நடப்பதில்லை. அந்தப் படிவத்துக்கான குறிப்புகளை இணையத்தில் தேடி இந்த வாரம் நான் நான்கு முறை படித்தேன். நேர்முகத்துக்கு முன் நீயாகவே படிவத்தைத் திருத்தி, சிறுவயதில் மறுக்கப்பட்டது, எனக்கு இப்போதுதான் தெரியும் என்று சொன்னால், அது பன்னிரண்டு வயதுப் பையனின் பழைய கதை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளப்போவதில்லை. அங்கே போய் நின்று, அவர்கள் கேட்கும்போதும் நீ ‘இல்லை’ என்றால், அது அதிகாரி முன்னால் சொன்ன பொய். அதற்குப் பிறகு இந்த ஆறு வாரம் மட்டும் போகாது. ஆயுளுக்கும் அந்த நாட்டின் கதவு சாத்தப்படலாம் என்று அச்சடித்திருக்கிறது. ஆகையால் இதைப் படித்தவுடன் முதல் வேலையாகப் படிவத்தைத் திருத்து.

செவ்வாய்க்கிழமை உன் அம்மாவிடம், நீயே அவனிடம் சொல்லிவிடேன் என்று கேட்டுப் பார்த்தேன். “கவர் எழுதுனது நான். அது என் பங்கு. நான் சொல்லிக்குவேன். ஆனா சனிக்கிழமை அவன் கேட்டப்ப இல்லன்னு சொன்னது யாரு?” என்றாள். புதன்கிழமை மதியம் உன்னைப் போனில் கூப்பிட்டேன். “என்னப்பா, இந்த நேரத்துல?” என்றாய். ஒன்றுமில்லை, சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டேன் என்றாய். “பிரிஸ்டல்ல ஒரு பையன்ப்பா, பத்தொம்பது வயசு. எங்க பாட்டு எல்லாத்தையும் ஒரே வாரத்துல எடுத்துட்டான். மேனேஜர் அவன ரிகர்சலுக்கு வரச் சொல்லியிருக்கார். சும்மா ஒரு சேஃப்டிக்குன்னார்” என்று சிரித்தாய். அந்தப் படிவத்தில், என்று நான் தொடங்கினேன். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று நம் மொட்டைமாடிக்கு மேலே போயிற்று. “என்னப்பா சொன்னீங்க?” என்றாய். இங்கே மழை வருகிறது என்றேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மகனே, தகப்பன் மகனுக்குப் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடிப்பது வழக்கமில்லை. என்னிடம் இருப்பது கொஞ்சம். கைதட்டலுக்கு முன்பே தலை வணங்காதே. பிறகு தட்டல் வராவிட்டால் நிமிர்வது கஷ்டம். உன் துக்கத்தை யாராவது அமெரிக்காவில் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று காத்திருக்காதே. கோவளத்தில் மீன் விற்ற அம்மாள் அதை முதல் தடவையிலேயே அடையாளம் கண்டுகொண்டார், விமர்சனமும் செய்தார். ஒருவர் உன்னிடம் கேள்வி கேட்டால், பெற்ற தகப்பனின் பதிலாக இருந்தாலும் அடுத்தவர் பதிலைக் கட்டத்தில் குறிக்காதே. உன் விரல் தடங்களை, நீ பன்னிரண்டு வயதில் எழுதிய இந்தக் கடிதத்தில் மறுபடி பார்த்தேன். தாளின் ஓரத்தில் கிட்டார் தந்தியின் துரு படிந்திருக்கிறது. நீ பழகிக்கொண்டே இருப்பேன் என்று எழுதி, அப்படியே இருந்துவிட்டாய். வீட்டில் வாக்கைக் காப்பாற்றியவன் நீ ஒருவன்தான்.

எழுதி முடிக்கச் சனிக்கிழமை ஆகிவிட்டது. நல்ல நகல் எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் மை கொட்டிற்று. நேற்று மாலை உன் அம்மா, “அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள். சொல்லியாயிற்று என்றேன். அவள் முகம் தெளிந்தது. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக் கவர் போடலாமா என்றாள். இந்த முறை காரியம் முடியட்டும், பிறகு போடலாம் என்று தடுத்துவிட்டேன். இந்தக் கடைசி வரிகளைச் சேலையூர் தபால் நிலையத்தில், கவரை ஒட்டுவதற்கு முன், கவுண்டரில் கட்டியிருக்கும் பேனாவால் எழுதுகிறேன். கவுண்டரில் இருப்பவன் என்னிடம் படித்த பையன். விடுப்புக் கடிதத்தில் பத்துக்கு எட்டு வாங்கியவன். “இங்கிலாந்தா சார்? ஸ்பீட் போஸ்ட்ல போனாலும் எட்டு நாள், பத்து நாள் ஆவும். அவசரம்னா போட்டோ எடுத்து வாட்ஸாப்ல வுட்ருங்களேன்” என்றான். அவசரம் ஒன்றுமில்லை என்றேன். தாள்களைத் தராசில் வைக்கக் கை நீட்டுகிறான்.

உன் நேர்முகம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு.